ஏலக்காரரின் மூச்சு

ஏலம் போடுகிற ஒருவரிடம் போய், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும் என்று கேட்டதுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்த தவறு. முழுப் பழியையும் அவர்கள் மேல் போட முடியாது. சேர்க்கும்போதே என்ன தொழில் என்று கேட்டார்கள். அவருடைய அக்கா முந்திக்கொண்டு காய்கறி மார்க்கெட் என்று சொல்லிவிட்டாள். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும் உண்டு, தராசு பிடிக்கிறவரும் உண்டு. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, வியாபாரிகளின் விரலையும் புருவத்தையும் பார்த்தபடி, மூச்சே விடாதவர் மாதிரி விலையை ஏற்றிக்கொண்டே போகிற ஓர் ஆளும் உண்டு என்பது நரம்பு வார்டில் யாருக்குத் தோன்றப் போகிறது?

மார்க்கெட்டில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். அவருடைய மனைவிக்கு பிரேக்கு என்று பெயர். அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைச் சமயம் பார்த்து மிதிப்பது அவள் பிழைப்பு. கல்யாணமான புதிதில் அவரே வைத்த பெயர் அது. சொந்தமாக லாரி வாங்கலாமா, வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நிற்கலாமா என்று அவர் எதைக் கிளப்பினாலும், கொஞ்சம் பொறுங்க என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிடுவாள். எக்ஸ்பிரசுக்கு வாய்த்ததைப் பார் என்று மார்க்கெட்டே சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் நர்ஸ் கட்டில் பக்கத்தில் வந்து, காலையிலும் மத்தியானமும் சொன்னதையே மறுபடி சொன்னார். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு எடுக்காமல், முடிகிற வரைக்கும் எண்ண வேண்டும். ஏலக்காரரின் கையும் காலும் யாரோ மெத்தைமேல் வைத்துவிட்டு மறந்துபோன சாமான்கள் மாதிரிக் கிடந்தன. வாய் மட்டும் அவருடையதாக இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் மூக்கால் வந்தது. உதடு தளர்ந்திருந்தது. ஆனால் வேகத்தில் குறைவில்லை. இருபது போயிற்று, முப்பது போயிற்று. நாற்பதில் நிறுத்திவிட்டு, போதுமா இன்னும் வேணுமா என்று நர்ஸைக் கேட்டார்.

நர்சுக்கு ஒரே சந்தோஷம். இருபதுக்குக் கீழே இறங்கினால்தான் பயப்பட வேண்டும், தன்னாலேயே நாற்பதைத் தொட முடியாது என்று சொல்லிக் குறித்துக்கொண்டு போனார். அவருடைய அக்கா, மனைவி அண்ணி என்று கூப்பிடுகிறவள், தலையணை உறையின் சுருக்கத்தை நீவியபடி, எங்க வீட்டு நுரையீரல் அப்படி என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். அண்ணி சலவைக்கடை வைத்திருப்பவள். வந்ததிலிருந்து ஆஸ்பத்திரித் துணிகளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே இருக்கிறாள்.

மனைவி கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை. அவருடைய கழுத்தின் அடியில், காறை எலும்புகள் இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கும் சின்னக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழியோடு அவளுக்குப் பழைய பரிச்சயம். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் தன் ஏலத்தைப் பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார். முடிந்ததும், மூச்சே விட மாட்டீங்களா என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். விடாமல் எப்படி, திருடுவதுதான் என்றார். அஞ்சு என்று சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டுகிற அந்தக் கணத்தில், மூக்கு வழியாக ஒரு சிட்டிகைக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். கேட்கிறவர் காதில் அது குரலோடு குரலாகப் போய்விடும். அஞ்சுக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை. அவள் நம்பவில்லை. அவளுடைய விரலைப் பிடித்துத் தன் கழுத்துக் குழியில் வைத்துக்கொண்டு எண்ணிக் காட்டினார். அஞ்சில் ஒரு தடவை குழி விழுந்தது, பத்தில் ஒரு தடவை விழுந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில், ஒரு பெண்ணின் விரலைத் தொடுவதற்கு ஓர் ஆள் கண்டுபிடித்த வழி அது. ஐம்பது வரை எண்ணினார். அவளும் விரலை எடுக்கவில்லை.

இன்று காலையில் அவர் எண்ணியபோதும் அஞ்சுக்கு ஒரு தடவைதான் குழி விழுந்தது. தொழில் பழக்கம் படுக்கையிலும் போகவில்லை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். மத்தியானம் மூன்றுக்கு ஒரு தடவை என்று தோன்றியது. தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று இருந்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் விழுந்தது. ஒரு மூச்சுக்கு ஓர் எண். நர்ஸ் குறித்துக்கொண்டு போனது நாற்பது. அவள் மனதில் விழுந்தது ஒன்று.

எல்லாம் கால் விரலிலிருந்து ஆரம்பித்தது. போன வாரம் நடைபாதையில் ஏறும்போது அவர் தடுக்கி விழப் பார்த்தார். அவர் கீழே பார்த்து நடக்கிற ஆளில்லை என்பது உண்மைதான். ஆனால் அவள் வருஷக்கணக்காகப் பிறர் பாதங்களைப் பார்த்தே சம்பாதிக்கிறவள். இவர் பாதத்தின் முன்பக்கம் எழும்பவில்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கேட்டதற்கு, தடிமனா சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கு, சரியாயிடும் என்றார். மறுநாள் படியேறக் கைப்பிடியைப் பிடித்தார். அதற்கு அடுத்த நாள் ஸ்டூல் மேல் ஏற முடியவில்லை. தரையில் நின்று ஏலம் போட்டார். விலை ஏறவில்லை என்று வந்து வருத்தப்பட்டார். நேற்றுக் காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை.

நரம்பு டாக்டர் ஒல்லியான பெண். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரப்பர் சுத்தியல் நீட்டிக்கொண்டிருக்கும். நேற்று சேர்த்ததும் அதை எடுத்து அவருடைய முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் எகிறவில்லை. இன்னொரு காலையும் தட்டினாள். அதுவும் சும்மா தொங்கியது. தட்டியதும் கால் எகிற வேண்டும், அதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை, செய்தி முதுகுத் தண்டுவரை போய் அங்கிருந்தே பதில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும், மூளைக்கு அப்புறம்தான் தகவல் போகும் என்று டாக்டர் விளக்கினாள். சைக்கிள் குறுக்கே வந்தால் தன் கால் பிரேக்குக்குப் போவது மாதிரியா என்று இவள் கேட்டாள். அது பழக்கம், அதுக்கு மூளை வேணும், இதுக்கு அதுகூட வேண்டாம் என்றாள் டாக்டர். மூளையே வேண்டாத வேலைகூட நடக்கவில்லை என்றால் கணக்கு இன்னும் மோசம் என்று இவளுக்குப் புரிந்தது.

பதினைந்து நாள் முன்னால் சாப்பாட்டுக்கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது. அந்தக் கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த படை, கிருமி போன பிறகும் கலையவில்லை. கிருமியின் சாயலில் நரம்பின் மேலுறை இருக்கவே, அதைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் தன் பேனாவை நீட்டிப் பிடித்துக் காட்டினாள்.

"நரம்பு ஒரு நீளமான நூல்னு வச்சுக்கங்க. அதுமேல கொழுப்பு உறை துண்டு துண்டா சுத்தியிருக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி. செய்தி அந்த இடைவெளிகள்ல தாவித் தாவிப் போகும். அதனாலதான் நினைச்சதும் விரல் ஆடுது. இப்ப உறை உரியுது. தாவ வேண்டியது தவழுது. சில இடத்துல நின்னே போயிடுது."

உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. உரிவதற்கு அதில்தான் இடம் அதிகம். அதனால் முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு கை. மூளைக்கு ஒன்றும் இல்லை, அது முழு விழிப்போடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்றாள் டாக்டர். அந்த விஷயத்துல முன்னாடியே எங்களுக்குச் சந்தேகம்தான் என்று அண்ணி சொன்னாள். ஏலக்காரரே சிரித்துவிட்டார். சிரிப்பில் வாயின் ஒரு ஓரம் பின்தங்கியதை அவள் அப்போது கவனித்தாள்.

நரம்பைக் கடிக்கிற அந்தப் படைக்கு எதிராக ஒரு மருந்து சொட்டு சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அது வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். அதற்குள் மூச்சுத் தசைக்குக் கழுத்திலிருந்து இறங்குகிற நரம்பும் படுத்துவிட்டால், மெஷின்தான் மூச்சு விட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் நிதானமாகத் தொண்டையில் குழாய் போடலாம். தெரியாமல் திடீரென்று நின்றால் கையில் நிமிஷங்கள்தான் இருக்கும். ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. உதடு தளர்ந்துவிட்டதால் காற்று ஓரத்தில் கசிந்து கணக்குத் தப்பியது. விரலில் மாட்டிய கிளிப்போ ஆக்சிஜன் அளவைக் கடைசி வரைக்கும் நன்றாகத்தான் காட்டும். ஆகவே எண்ணச் சொல்லிப் பார்ப்போம் என்று முடிவானது.

டாக்டர் போனதும் ஏலக்காரர் அவளைக் கிட்டே கூப்பிட்டார். என்ன ஆனாலும் அந்தக் குழாய் மட்டும் வேண்டாம், வாக்குக் கொடு என்றார். அவருடைய அண்ணன் விபத்தில் தலையில் அடிபட்டு, அந்த மெஷினில் கிடந்து, திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று தினமும் பார்த்தவர் இவர். குழந்தைக்குச் சமாதானம் சொல்வது போல அவளும் சரி என்றாள். அப்போது அது வெறும் வார்த்தைதான்.

இன்று சாயங்காலம் நர்ஸ் நாற்பதைக் குறித்துக்கொண்டு போன பிறகு, மனைவி அண்ணியை டீ வாங்கிவர அனுப்பினாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஒவ்வொரு நம்பருக்கும் எடுக்கறீங்க."

"என்னது?"

"என்கிட்ட வேண்டாங்க. காலையில அஞ்சுக்கு ஒண்ணா இருந்தது."

நீ பார்த்துட்டியா என்றார். காலையில் அது தன்னை அறியாமல் வந்த பழக்கம், மத்தியானம் நர்ஸ் வருவதற்கு முன்னால் தனக்குள் திருடாமல் எண்ணிப் பார்த்தபோது பதினொன்றில் நின்றுவிட்டது, அதற்கப்புறம் வேண்டுமென்றேதான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆறேழு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. எண்ணும்போது திருடலாம். பேசும்போது திருடத் தெரியவில்லை.

"மருந்து ஏறுது. நாளைக்கு... நாளன்னைக்கு... கேட்டுடும். அதுவரைக்கும்... இழுத்துட்டு இருக்கேன். அவ்வளவுதான்."

"இழுக்க முடியலைன்னா?"

"நீ வாக்கு குடுத்திருக்க." மறுபடி காற்றைச் சேர்த்துக்கொண்டார். "இந்த ஒரு தடவை... பிரேக்கு போடாதடி."

தண்ணீர் கேட்டார். தலையைத் தூக்கப் பிடரியில் கை கொடுத்தாள். நேற்று அவரே கொஞ்சம் நிமிர்ந்து கொடுத்திருந்தார். இன்று தலை முழுசாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு வாய் தண்ணீர் போனதும் புரையேறியது. இருமலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வாய் திறந்தது, கண் பிதுங்கியது, தொண்டையில் காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. அவர் கண்ணை அவள் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. சொல்லிவிடாதே என்பதும் இருந்தது.

வராந்தாவில் அண்ணி டீயோடு வந்தாள். மனைவி வெளியே போய் அவளை அங்கேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி நம்பவில்லை. நாற்பது வரைக்கும் எண்ணினதை என் காதால் கேட்டேனே என்றாள். கிளிப் மெஷினில் தொண்ணூத்தெட்டு காட்டுகிறதே என்றாள். அப்புறம் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, கூடப்பிறந்த ஒருத்தனை அந்த மெஷின்ல அனுப்பிட்டு வந்தவ நான். இவன் தெம்பா இருக்கான். நீ போய்ச் சொல்லி, அதுல ஏத்தி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, காலத்துக்கும் நீ சொன்னதாலதான்னு ஆயிடும். சொல்லாம இருந்தா விதின்னு போயிடும்."

அண்ணி மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் அவளைக் கலக்கியது. கொஞ்ச நேரம் அந்தப் பேச்சில் ஓர் இளைப்பாறல்கூடத் தெரிந்தது. வாக்கைக் காப்பாற்றினோம் என்று இருந்துவிடலாம். நாளைக்கு மருந்து கேட்டுவிட்டால், அவரே இதை மார்க்கெட்டில் கதையாகச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பதினொன்றில் நின்ற மத்தியானக் கணக்கும், உள்ளங்கையில் விழுந்த தலையும், வராத இருமலும் அவளை அந்த இடத்தில் உட்கார விடவில்லை. வராந்தாவின் கோடியில் டாக்டர் கைப்பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் முன்னால் நிற்பது தெரிந்தது.

"பழி வந்தா வரட்டும் அண்ணி. எனக்கு அவர் வேணும்."

ஓடிப்போய்ச் சொன்னாள். மூச்சிரைத்ததில் முதலில் சொன்னது டாக்டருக்குப் புரியவில்லை. அவர் எண்ணுவது ஏமாற்று, ஒவ்வோர் எண்ணுக்கும் மூச்சு எடுக்கிறார், அது அவருடைய தொழில் என்று மறுபடி சொன்னாள்.

"என்ன தொழில்? மார்க்கெட்னுதானே சொன்னீங்க."

"ஏலம் போடறவர் டாக்டர்."

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. மத்தியானமே கழுத்து பலம் குறைந்தது போலத் தெரிந்தது, சாயங்காலம் நாற்பது என்று நர்ஸ் போனில் சொன்னதால்தான் வீட்டுக்குக் கிளம்பினேன் என்று நடந்துகொண்டே சொன்னாள். அவள் நடையில் அவசரம் இருந்தது. இவள் கூடவே ஓட வேண்டியிருந்தது.

டாக்டர் எண்ணச் சொல்லவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னாள். தலை அசையவில்லை. பிறகு, ஆ என்று ஒரே சத்தமாக, விடாமல் இழுக்கச் சொன்னாள். ஏலக்காரருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஒரே சத்தத்தில் எங்கே திருடுவது? அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஆ என்று ஆரம்பித்தார். தெருவில் ஒரு சைக்கிள் நம்மைக் கடந்துபோகிற நேரம்கூட அது நீடிக்கவில்லை.

"வித்துட்டல்ல" என்றார் அவளிடம், காட்டிக்கொடுத்துவிட்டாயே என்கிற குரலில்.

"ஆமாங்க" என்றாள்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். குழாய் போட வேண்டும், இப்போதே, தீவிர சிகிச்சைப் பிரிவில். அவர் சம்மதம் இல்லாமல் செய்யப் போவதில்லை. ஏலக்காரர் வாதாட வாயைத் திறந்தார். எங்க அண்ணன் அந்த மெஷின்ல என்பது வரைக்கும் வந்தது. மேற்கொண்டு காற்று இல்லை. இன்னொரு தடவை ஆரம்பித்தார். இந்தத் தடவை அண்ணன் என்பதோடு நின்றது. ஒரு சந்தையையே பேச்சால் ஓட வைத்தவர், தன் வாக்கியம் நடுவழியில் படுத்துவிட்டதைத் தானே கேட்டார். மூன்றாவது தடவை ஆரம்பிக்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு அடிபட்டது மூளையில. உங்களுக்கு மூளையும் முதுகுத் தண்டும் அப்படியே இருக்கு. உறை மட்டும்தான் போயிருக்கு. அது திரும்ப வளரும். வளர்ற வரைக்கும் மெஷின் தாங்கிக்கும். எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது. ஆனா போடலைன்னா இன்னைக்கு ராத்திரியைப் பத்தியே என்னால சொல்ல முடியாது."

அவர் மேலே பார்த்தார். போடுங்க என்றார். அதையும் டாக்டரிடம்தான் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் பக்கத்திலேயே நடந்தாள். அவர் கண் கூரையில் ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போயிற்று. கதவு மூடும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

வெளியே பெஞ்சில் அண்ணியும் அவளும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். மனைவியின் வலது கால் வெறும் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தது. கடைசியில் டாக்டர் வந்து, குழாய் நல்லபடியாக இறங்கிவிட்டது என்றாள். ரத்தத்தில் கரியமிலவாயு நிறையச் சேர்ந்திருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமாம். அண்ணி நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய புடவைத் தலைப்பில் இருந்த சுருக்கத்தை நீவிக்கொண்டே அழுதாள்.

மயக்கம் தெளிந்தபோது ஏலக்காரரிடம் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது. முகமும் முழுசாகப் படுத்துவிட்டது. இமையை இறுக்கி மூடக்கூட முடியாததால், காய்ந்துபோகாமல் இருக்கக் கண்ணில் களிம்பு தடவினார்கள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று நர்ஸ் ஒரு பாஷை சொல்லிக்கொடுத்தார். அண்ணி உடனே அதில் தேறிவிட்டாள். வலிக்குதாடா, திருப்பிப் படுக்க வைக்கவா, ஃபேனைக் குறைக்கவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம், இல்லை, ஆமாம் என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

அவள் கேட்டால் மட்டும் பதில் இல்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லாத மனுஷர், அவள் முன்னால் வந்ததும் விழியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார். அவள் ஜன்னல் பக்கம் போனால் கதவைப் பார்ப்பார். கட்டிலைச் சுற்றி அவள் இப்படி நடந்ததைப் பார்த்து, இவனுக்குக் கழுத்துக்குக் கீழே ஒண்ணும் இல்லாட்டியும் வீம்பு மட்டும் அப்படியே இருக்கு என்று அண்ணி அலுத்துக்கொண்டாள்.

நடுவில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கும்போதெல்லாம் அவள் வெளியே போகாமல் நின்றாள். இப்படி முடிந்துவிட்டால் அவர் தன்னிடம் கடைசியாகச் சொன்னது வித்துட்டல்ல என்கிற அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, அண்ணி சொன்ன பழி என்பது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த லிஃப்ட் முன்னால் மறுபடி கொண்டுபோய் நிறுத்தினால் மறுபடியும் அதைத்தான் சொல்வோம் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவருடைய கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தசை இறுகாமல் இருக்க அதைச் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

காய்ச்சல் விட்டது. டாக்டர் நரம்புகளை மின்சாரத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இறங்குவது நின்றுவிட்டது, இனி ஏற வேண்டியதுதான், அது இறங்கினதை விட மெதுவாக இருக்கும், மாதக் கணக்காகலாம் என்றாள். மாதக் கணக்கு என்பதைக் கேட்டு அழாமல் சந்தோஷப்பட்ட குடும்பத்தை டாக்டர் இதுவரை பார்த்ததில்லையாம்.

அன்று மத்தியானம் மனைவி அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற ஓர் அம்மாள், நேற்று பூந்தொட்டி ஒன்றை உடைத்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்ட கதை. வழக்கம்போல அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை பாதியில் அவளுக்கு அலுத்துப்போயிற்று. பாதத்தை மெதுவாக மெத்தையில் வைத்தாள்.

"வாக்கை மீறினேன். இல்லைன்னு சொல்லலை. கோபமா இருந்தா இருங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. உயிரோட கோபமா இருங்க, எனக்கு அது போதும்."

மெஷின் மூச்சு விட்டது. அண்ணி கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்த விழி மெல்லத் திரும்பி அவள் முகத்தில் வந்து நின்றது. அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

"கோபமா?"

விழி மேலே போயிற்று. சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

"நான் வெளியில போய் உட்காரட்டுமா?"

விழி கீழே இறங்கியது.

களிம்பு தடவிய கண்ணில் எது பதில், எது தற்செயல் என்று அவளால் நம்ப முடியவில்லை. இன்னும் கிட்டே குனிந்து, அப்ப இங்கயே இருக்கவா என்று கேட்டாள். விழி மேலே போயிற்று. நிஜமாவா என்றாள். மறுபடி மேலே போயிற்று, இந்தத் தடவை கொஞ்சம் எரிச்சலோடு.

"ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்லுவான்?" என்று அண்ணி அவள் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காரு. அந்தப் பூந்தொட்டிக்காரி அப்புறம் என்ன பண்ணினா, அதைச் சொல்லு. அவன் கேட்டுக்கிட்டுதான் இருந்தான், எனக்குத் தெரியும்."